எரிகோ மதிலும் உச்சத்தாரும்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் உச்சி உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதும் தொடாததுமாகக் கீழே இறங்கிவிடுவோம். அங்கேயே பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும் ஓர் இனமும் இருக்கிறது. அவர்களுக்கு உச்சத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு இசை நாடகம் போடும் சபை எதுவானாலும், அதில் ஓர் உச்சத்தாராவது இருப்பார். கண்டுபிடிப்பது எளிது. புதிய பாட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நாமெல்லாம் முதல் வரியைப் படிப்போம். அவருடைய விரல் தாளில் ஓடி, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல் நிற்கும். பாட்டு மன்னிப்பைப் பற்றியதா, மாட்டுத் தொழுவத்தைப் பற்றியதா என்பதெல்லாம் அவருக்கு வழியில் வரும் ஸ்டாப்பிங்குகள். மேடையில் அந்த இடம் நெருங்கியதும் கால்கள் அகலும், கண்கள் மூடும், இடது கை பல்பு மாட்டப் போவதுபோல் மெல்ல உயரும், அதுவரை உதட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த மைக் ஒரு முழம் தள்ளிப் போகும். இந்தக் கருவியெல்லாம் உங்களுக்காகத்தான், எனக்கு எதற்கு என்று அர்த்தம். பிறகு குரல் கிளம்பும். எப்போது நிற்கும்? கைதட்டல் தொடங்கும்போது. அதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துவது உச்சத்தார் அகராதியில் தோல்வி.

எங்கள் சபையின் உச்சத்தார் ரீபா அக்கா. ராதாபுரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். டிசம்பர் பிறந்துவிட்டால் கழுத்தில் மப்ளர், பையில் பனங்கற்கண்டு, பிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர். பஸ்ஸில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார். குரலைச் சேமிக்க வேண்டும் என்பதால் டிக்கெட்டைக்கூட ரகசியம் சொல்வதுபோலத்தான் கேட்பார். கண்டக்டரும் குனிந்து அதே ரகசியக் குரலில், "எக்கா, சில்லறை இருக்கா?" என்பார். பின்சீட்டில் இருப்பவர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து அமைதியாகிவிடுவார்கள்.

பாவம், இந்த வருஷம் அந்தக் குரலுக்குச் சோதனைக் காலம். போன கிறிஸ்துமஸில் உச்சியில் நின்றபோது குரல் தகரம்போலக் கிழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. "பரவாயில்ல மக்கா, பனி ஜாஸ்தி" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதைவிடச் சிரித்திருக்கலாம். பாடகர் குழுத் தலைவர் ஜேசுதாசன் சார் நவம்பரிலேயே சொல்லிவிட்டார்: "ரீபா, இந்த ஒரு தடவ பாடு. வரலன்னா வாற வருஷம் டார்லினுக்குக் குடுத்துருவோம்." டார்லினுக்கு இருபது வயது. அக்காவுக்குப் பின்னால் நின்று, மிகவும் அடக்கமாகப் பாடும் பெண். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நாடகம் எரிகோ மதில். ஜனங்களெல்லாம் ஆர்ப்பரித்தபோது மதில் விழுந்தது என்றுதான் வேதத்தில் இருக்கிறது. எங்கள் நாடகத்தில் ஜனங்களுக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை. சார்ட் அட்டையில் செய்த எக்காளங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் சும்மா நிற்பார்கள். அந்த மதில்மேல் குடியிருந்த ராகாப் என்ற பெண்ணின் வேடத்தில் ரீபா அக்கா ஒருவரே அத்தனை பேருக்கும் சேர்த்து ஆர்ப்பரிப்பார்.

ஒத்திகையில் கீபோர்டு வாசித்த பெனோ பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

"ஏலே பெனோ, இன்னும் அரைக்கட்டை ஏத்துலே."

"எக்கா, நேத்தே ஏத்தியாச்சுலா?"

"பத்தல. இது என்ன, தாலாட்டா?"

பெனோ ஒரு பொத்தானை அழுத்துவதுபோல் விரலை வைத்து எடுத்தான். எதையும் அழுத்தவில்லை. அக்கா பாடி முடித்து, "ஆங், இப்பதான் மூச்சு விட இடம் கெடக்கு" என்றார். உச்சத்தாருக்கு வேண்டியது உயரம் என்று நினைக்காதீர்கள். தான் கேட்டு ஏற்றினார்கள் என்ற திருப்திதான்.

மதிலைச் செய்தவர் பந்தல்காரர் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் சாம்பல் நிறம் அடித்து, பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார். இழுத்தால் மொத்தமும் சரியும். எப்போது இழுப்பது? உச்சியில் அக்கா நிற்கும்போதே இழுக்கலாம் என்றார் ஜேசுதாசன் சார். அக்கா பதறிவிட்டார்.

"அய்யோ சார், பெட்டி விழுத சத்தத்துல என் குரல் எங்கன கேக்கும்? நான் நிறுத்துன பொறவு விழட்டும்."

"அண்ணாச்சி, கேட்டுக்கிட்டேளா? பாட்டு நின்னதும் இழுக்கணும்."

"நிக்கட்டும்வே. நான் என்ன, வேண்டாம்னா சொல்லுதேன்?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். எங்கள் சபையில் ஐயர், அதாவது போதகர், தட்டாமல் யாரும் கைதட்ட மாட்டார்கள். போன வருஷம் வரை இருந்த ஐயர், உச்சி தொடங்கியதுமே தட்டிவிடுவார். இந்த ஜூனில் மாற்றலாகி வந்தவரோ வேதத்தில் கண்டிப்பானவர். மதில் விழுவதற்கு முன் கைதட்ட அவருக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

விளைவைச் சொல்லவும் வேண்டுமா? அன்று சாயங்காலம் ராகாப் ஜன்னலில் வந்து நின்றார். கால் அகன்றது, கை உயர்ந்தது, மைக் தள்ளிப் போனது. குரல் கிளம்பியது. கிழியவில்லை. சுத்தமான, வட்டமான, பத்து வருஷத்தில் நாங்கள் கேட்காத குரல். பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற எனக்கே கண் கலங்கிவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டார். இனி நிறுத்த வேண்டியதுதான்.

நிறுத்துவதற்கு அவர் கைதட்டலுக்குக் காத்திருந்தார். கைதட்டுவதற்குச் சபை ஐயருக்குக் காத்திருந்தது. ஐயர் மதிலுக்குக் காத்திருந்தார். மதில் அண்ணாச்சிக்கு. அண்ணாச்சி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அக்கா நிறுத்துவதற்கு.

பத்து எண்ணினேன். பதினெட்டு எண்ணினேன். அக்கா ஒரு கண்ணைத் திறந்து ஐயரைக் கெஞ்சலாகப் பார்த்தார். ஐயர் மதிலையே பார்த்திருந்தார். ஜேசுதாசன் சார் கையைக் கீழே இறக்கி 'போதும்' என்று சைகை காட்டினார். எதிரே நின்று யார் எந்தச் சைகை காட்டினாலும் உச்சத்தார் அதை 'இன்னும்' என்றே படிப்பார்கள். அக்காவின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. குரலின் ஓரத்தில், போன வருஷத்துத் தகரம் லேசாகக் கீறத் தொடங்கியது.

அப்போதுதான் பின்னாலிருந்து டார்லின் அதே ஸ்வரத்தைப் பிடித்தாள். "எக்கா மூச்சு எடுக்கட்டும்னுதான் பாடுனேன்" என்று பிறகு சொன்னாள். முதல் ஐந்து நொடிக்கு நான் அதை நம்புகிறேன். ஆறாவது நொடியில் அவளுடைய இடது கை மெல்ல உயர்ந்தது. பல்பு மாட்டப் போவதுபோல.

மூச்சு எடுத்துக்கொண்ட ரீபா அக்கா விடுவாரா? திரும்பவும் சேர்ந்துகொண்டார். மதிலுக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"எம்மா, ஒரு ஆளு நிறுத்துனா இழுக்கச் சொன்னாவ. இப்ப எந்த ஆளு நிறுத்தணும்?"

பதில் சொல்ல இருவருக்கும் வாய் ஓய்வாக இல்லை. அதற்குள் சபைக்குள்ளிருந்து ஒரு குரல் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் எக்காளம் பிடித்த ஜனங்கள், பெனோ, முன்வரிசையில் இருந்த சாரம்மாள் டீச்சர், எல்லோரும். அந்த இரைச்சலில் பாட்டு நின்றதா இல்லையா என்று புரியாமல், "ஆனது ஆவட்டும்" என்று அண்ணாச்சி இழுத்துவிட்டார். மதில் சரிந்தது. ஜனங்களெல்லாம் ஆர்ப்பரித்தபோதுதான், எழுதியிருந்தபடியே. ஐயர் எழுந்து நின்று கைதட்டினார்.

ரீபா அக்கா நிறுத்தினார்.

வருகிற கிறிஸ்துமஸில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள் என்று ஜேசுதாசன் சார் அறிவித்துவிட்டார். அந்த நாடகத்தில் மதில் எதுவும் இல்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சபைக்குள்ளிருந்து முதலில் கிளம்பிய குரல் யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் சபைப் பையன் ஜெனோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனில் எடுத்த வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது. அவன் பக்கத்து நாற்காலிதான். ஆள் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில், மெல்ல உயரும் ஓர் இடது கை மட்டும் தெரிகிறது.

அன்று நீங்கள் மூன்றாவது வரிசையில்தானே இருந்தீர்கள்? தொண்டை இப்போது எப்படி இருக்கிறது?