தராசு எடுத்த மலிவு டிக்கெட்

உயிரே போனாலும் பக்கத்து வீட்டு மேனேஜர் போகிற விமானத்தில் மட்டும் போவதில்லை என்று தராசு முடிவு செய்துவிட்டார்.

தராசு என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். எடை அளவு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். கடை கடையாக நுழைந்து, கொண்டுபோன எடைக்கல்லை வைத்து, தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அஞ்சு கிராம் குறைந்தாலும் மனுஷன் மோப்பம் பிடித்துவிடுவார். ஆபீசில் இந்தத் திறமைக்கு ஒரு பதவி உயர்வுகூடக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்து இருபத்து நாலு வருஷமாக மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தார். பற்பசையை நடுவில் அமுக்கினால் ஒரு பாடம். மின்விசிறியை நிறுத்தாமல் எழுந்தால் ஒரு பாடம். அந்த அம்மாள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். வெட்டி விழுந்த துண்டுத் துணியை எடுத்து, "இது வீண்தானே?" என்று கேட்காத நாள் கிடையாது.

மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். விமானத்தில் நாலு மணி நேரத் தொலைவு. வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெற்றவளுக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். எத்தனையோ சண்டைக்கும் பல அழுகைக்கும் பிறகு தராசு பத்து நாள் லீவு போட்டார். எந்த விமானம் என்பதுதான் பாக்கி.

மேனேஜர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். பெரிய விமானத்தில்தான் போவார். போய்விட்டு வந்தால் ஒரு மாசத்துக்கு மதில் சுவரை விட்டு நகர மாட்டார்.

"போர்வை குடுத்தான் சார். தலகாணி குடுத்தான். மூஞ்சி துடைக்கச் சூடா ஒரு துண்டு வேற."

"ஏன் சார், உங்க வீட்ல துண்டு இல்லையா?"

"காசைப் பாக்காதீங்க. ஒரு தடவை வீட்ல அவங்களையும் அதுல கூட்டிட்டுப் போங்க. சந்தோஷப்படுவாங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் தராசுக்குக் குத்தியது. தன் மனைவியின் சந்தோஷத்தைப் பற்றிப் பேச இவன் யார்? அன்றைக்கே மலிவு விமானத்தில் போவது என்று தீர்மானமாகிவிட்டது. மகளைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். மேனேஜர் வாயை அடைக்க வேண்டும்.

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"பெரிய விமானத்துலயே போலாமேங்க. ஒரு தடவைதானே? இருபத்தஞ்சு கிலோ எடுத்துட்டுப் போலாமாம். அவளுக்குத் தைச்சு வச்ச துணியெல்லாம் இருக்கு."

"நம்ம வண்டில ஏழு கிலோ. கையில எடுத்துட்டுப் போலாம், இலவசம். ஏழு கிலோ போதாதா ஒரு மனுஷிக்கு?"

"சாப்பாடு குடுக்கறாங்களாம்."

"வீட்ல நான் உனக்குச் சோறு போடலையா?"

"அதுக்கில்லைங்க. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து போலாம்ல?"

"இருபத்து நாலு வருஷமா பக்கத்துலதானே உக்காந்திருக்கோம். நாலு மணி நேரத்துல என்ன குறைஞ்சு போச்சு?"

அவள் தையல் மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சரி. உங்க இஷ்டம்," என்றாள்.

இருபத்து நாலு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னதே இல்லை. ஒரு இன்ஸ்பெக்டருக்கு இங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துவிட்ட மயக்கம்.

டிக்கெட்டை அவளுடைய செல்போனில்தான் எடுத்தார்கள். தராசுக்குச் சின்ன எழுத்து தெரியாது. கண்ணாடி மாற்ற வேண்டும், அதற்கும் அவர் மலிவான கடை தேடிக்கொண்டிருந்தார். அவள் படிக்க, இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சீட் நாமளே எடுத்துக்கணுமாங்க? அதுக்குத் தனியா காசாம்."

"வேணாம்."

"சாப்பாடு?"

"வேணாம்."

"முதல்ல ஏறி உக்காரணுமாம்?"

"முதல்ல ஏறினவன் முதல்லயா போய்ச் சேரப் போறான்? வேணாம்."

"விமானம் போகலைன்னா இன்சூரன்ஸ்..."

"வாயில நல்ல வார்த்தையே வராதா? வேணாம்."

"இதுல போறது தனி டிக்கெட், வர்றது தனி டிக்கெட்டாங்க. அந்தப் பெரிய விமானத்துல ரெண்டையும் சேத்துத்தான் எடுக்கணுமாம். திரும்பி வர்றதுக்கு எனக்கு..."

"ஐயோ! திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிக்கறியா? வேணாம்னா வேணாம். இனிமே அவன் என்ன கேட்டாலும் வேணாம்னு போட்டுட்டு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அவள் போட்டாள். மொத்தத்தைச் சொன்னாள்.

தராசு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவர் மனசில் போட்டு வைத்த கணக்கைவிடக் கால்வாசி குறைச்சல். குறைந்த எடைக்கு ஊரெல்லாம் அபராதம் போடுகிறவர், குறைந்த தொகையைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராக மதில் சுவருக்குப் போனார்.

மேனேஜர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "எப்படி சார் இவ்வளவு கம்மியா?"

"திறமை வேணும் சார்," என்றார் தராசு. மேனேஜரின் மனைவி ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பைகளை அந்த அம்மாளே தைத்தாள். பழைய திரைச்சீலைத் துணியில், விமானக்காரன் சொன்ன நீள அகலத்துக்கு நூல் பிசகாமல் இரண்டு பைகள். தராசு தன் ஸ்பிரிங் தராசில் மாட்டிப் பார்த்தார். அவளுடையது ஏழு கிலோ. இவருடையது ஆறரை. அரைக் கிலோ வீணாகப் போகிறதே என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. விமானக்காரன் தராசு மட்டும் யோக்கியம் என்று யார் கண்டது? ஆபீசு பித்தளை எடைக்கல் ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அதுவும் அரைக் கிலோ. சரியாகப் போய்விட்டது.

ஆனால் கிளம்புகிற அவசரத்தில் செருப்பு ஒரு ஜோடியும் அதே பைக்குள் போனது. விமான நிலையத்தில் கவுண்டர் பெண் பையைத் தூக்கித் தட்டில் வைத்தாள்.

"ஏழு கிலோ நானூறு, சார். நானூறு கிராம் கூட இருக்கு."

தராசின் முகம் மலர்ந்தது. இந்தத் தருணத்துக்காகத்தான் அவர் அவதாரம் எடுத்ததே.

"உங்க மிஷின் தப்பும்மா. கடைசியா எப்ப சோதனை பண்ணாங்க? முத்திரை எங்க?"

"சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"நிக்கட்டும்!" பையைத் திறந்து, சட்டையைப் பிரித்து, பித்தளைக் கல்லைத் தட்டில் வைத்தார். திரை அரைக் கிலோ என்று காட்டியது. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

அந்தப் பெண் கல்லைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். "இதைக் கொண்டு வராம இருந்திருந்தா எடை சரியா இருந்திருக்கும் சார்," என்றாள்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு இது பழக்கம். ஆபீசு கல்லை எறிய முடியாது. அதிகப்படிக்குக் காசு கட்ட மனசு வரவில்லை. ஆகவே தராசு வரிசையில் நின்றபடியே சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, அதற்கு மேல் ஒரு சட்டை என்று போட்டுக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது.

சீட்டுக்குக் காசு கட்டாததால் விமானக்காரன் இஷ்டத்துக்குத் தூக்கிப் போட்டான். அந்த அம்மாளுக்கு முன்வரிசையில் ஜன்னல் ஓரம். தராசுக்குக் கடைசி வரிசையில் கழிப்பறையை ஒட்டி நடு சீட். நாலு மணி நேரமும் அவர் எக்கி எக்கிப் பார்த்ததில் அவளுடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். இவ்வளவு பேசுவாளா என்று தராசுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மகள் வீடு மூன்றாவது மாடி. கீழே துணி திருத்தித் தரும் கடை. அளவு குறைக்க, நீளம் கூட்ட, ஜிப் மாற்ற வருகிறவர்கள் வாசல் வரை நிற்பார்கள். மூன்றாம் நாளே அந்த அம்மாள் கீழே போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரி வெட்டி விழுந்த துண்டுகளைக் காலால் ஒரு ஓரமாகத் தள்ளினாள். வீண் என்று யாரும் கேட்கவில்லை. தராசு மாடியில் உட்கார்ந்து மகளிடம், எந்த விளக்கு தேவையில்லாமல் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் நர்ஸ். யார் எவ்வளவு புலம்பினாலும் முகம் மாறாமல் கேட்கப் பழகியவள்.

பத்தாம் நாள் காலையில் தராசு ஸ்பிரிங் தராசை வெளியே எடுத்தார். தன் பையை மாட்டினார். ஆறே முக்கால். மனைவியின் பையை மாட்டினார். முள் அசையவே இல்லை.

"என்னடி இது, பை காலியா இருக்கு? இன்னும் எடுத்து வைக்கலையா? மணி என்ன ஆச்சு!"

"நான் வரலைங்க."

"வரலையா? டிக்கெட்டு?"

"எனக்கு டிக்கெட் இல்லைங்க. நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"திரும்பி வர்றதுக்கு எனக்குன்னு ஆரம்பிச்சேன். வேணாம்னா வேணாம்னு கத்தினீங்க. அவன் என்ன கேட்டாலும் வேணாம்னு போடச் சொன்னீங்க. எத்தனை பேர் திரும்பி வர்றீங்கன்னு கேட்டான். ஒரு ஆள்னு போட்டேன். மொத்தத்தைச் சொன்னதும் எழுந்து மதில் சுவருக்கு ஓடினீங்க."

தராசுக்கு அந்தத் தொகை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கால்வாசி குறைச்சல். நாலு டிக்கெட்டில் ஒன்று. பச்சைப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

"வேணும்னே பண்ணியிருக்க!"

"முதல்ல இல்லைங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "பெரிய விமானத்துல எடுப்போம்னு மூணு தடவை கேட்டேன். எடுத்திருந்தீங்கன்னா போக வர சேத்துக் குடுத்திருப்பான். நானும் பேசாம உங்ககூட வந்திருப்பேன். இது ஒவ்வொரு பக்கமும் தனின்னு பாத்ததும்தான் எனக்கே தோணுச்சு."

"எப்ப வருவ?"

"தெரியலைங்க. வரணும்னு தோணும்போது ஒரு பக்கம் எடுத்துக்கறேன். கடையில சம்பளம் குடுக்கறாங்க."

"அப்ப வீட்ல யார் சமைக்கறது? யார்..." என்று ஆரம்பித்தார். என்னை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வாய் வரை வந்தது. மானம் தடுத்தது. மகள் எழுந்து அவர் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

திரும்பும் விமானத்தில் பாதிக்கு மேல் காலி. பணிப்பெண் வந்து, "பக்கத்து சீட்ல யாரும் இல்ல சார், தாராளமா உக்காருங்க, இதுக்குக் காசு கிடையாது," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இலவசமாகக் கிடைத்த ஒன்று தராசுக்குப் பிடிக்கவில்லை. அவர் தன் சீட்டிலேயே ஒடுங்கி உட்கார்ந்து வந்தார். இருபத்து நாலு வருஷத்தில் அவள் கேட்டது எத்தனை, தான் வேணாம் என்றது எத்தனை என்று எண்ணத் தொடங்கினார். இறங்கும் வரைக்கும் எண்ணி முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவி அவரிடம் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தது அவள்தான். வேறு வழியில்லாமல் மேனேஜர் வீட்டு மணியை அழுத்தினார். மேனேஜரே கதவைத் திறந்தார். முகம் முழுக்க சந்தோஷம். பின்னால் அவர் மனைவி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, செல்போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"வாங்க சார், வாங்க! நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றார் மேனேஜர். "உங்க வீட்ல அவங்க என்ன சொன்னாங்களோ தெரியலை, அடுத்த மாசம் எங்க பொண்ணைப் பாக்கப் போக உங்க மலிவு விமானம்தான் வேணும், டிக்கெட்டையும் நானே எடுக்கறேன்னு இவ ஒத்தைக்கால்ல நிக்கறா!"