உன் மாமாவின் டார்ச்லைட் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமாவைப் பற்றிக் கேட்டால், அவருடைய டார்ச்லைட் சுகமாக இருக்கிறது, ஆகவே அவரும் சுகம்.

அந்த டார்ச்லைட் விஷயமாகத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நீ வாங்கிக் கொடுத்தாயே, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நாலு வெளிச்சம், தண்ணீரில் போட்டாலும் கெடாது, மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்று, அதே சனியன்தான். குழாய் வேலைக்குப் போகிற மனிதருக்கு உதவுமே என்று நினைத்தாய், தப்பில்லை. ஆனால் அவர் பட்டப்பகலில் அதை அடித்துத்தான் செருப்பைத் தேடுகிறார். பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் பச்சை வெளிச்சம், கரப்பான் பூச்சிக்கு நீலம். கரண்ட் போன அன்னிக்கு நீல வெளிச்சத்துல சாப்பாடு போட்டேன், சின்னவன் தட்டைப் பார்த்து ஓன்னு அழுதுட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் தலைக்கு மேல தூக்கிப் பொத்துன்னு தரையில போட்டுக் காட்டுவார். போன மாசம் தரையில டைல்ஸ் விரிஞ்சிருச்சு. "பாத்தியா, ஒரு கீறல் இல்ல!"ங்கிறார், டார்ச்லைட்டைத் தடவிக்கிட்டே.

டைல்ஸ் நம்மளுது இல்லையே, மாடியில இருக்கிற வீட்டுக்கார அம்மாவோடது. அவங்களுக்கு ஏற்கெனவே என் மேல கடுப்பு. கீழ்த் தொட்டியில தண்ணி நிக்கவே மாட்டேங்குது, தையல்காரி துணியா நனைச்சுக் காலி பண்றான்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க. அவங்களைச் சமாதானப்படுத்தணும்னு மாமா, அவங்க குளியலறையில துண்டு மாட்டக் கம்பி அடிச்சுத் தரேன்னு தானாப் போனார். அங்கே ஜன்னலும் கிடையாது, பல்பும் ஃப்யூஸ். சுவருக்குள்ள குழாய் போற இடத்துல, இங்க துளை போடக் கூடாதுன்னு சிவப்புச் சாக்பீஸால பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கார். அதுவரைக்கும் கெட்டிக்காரர்தான். அப்புறம் வெள்ளை வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு டார்ச்சைச் சிவப்புக்கு மாத்தியிருக்கார். சிவப்பு வெளிச்சத்துல சிவப்புச் சாக்பீஸ் எங்கே தெரியும்? சுவர் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துதாம். டிரில்லை வெச்சு அழுத்தினார் பாரு, நேரா அந்தக் குறிக்கு நடுவுலயே!

மேல மோட்டார் தண்ணி ஏறிட்டிருந்த நேரம். அந்தம்மா சோபா வரைக்கும் பீச்சியடிச்சுது. "நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க!"ன்னு அவங்க போட்ட சத்தத்துல நான் ஊசியை விரல்ல ஏத்திக்கிட்டேன். காலி பண்ணிட்டு எங்கே போறது தம்பி? என் மெஷின், என் வாடிக்கை, பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் இந்தத் தெருவுலதானே? இவர் கீழே ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினவர், தண்ணி எவ்வளவு மிச்சம்னு தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தார். சட்டைப் பையில இருந்த டார்ச் தொபுக்குன்னு உள்ளே.

அணையலையே அது! விழுந்த வேகத்துல பச்சைக்கு மாறி, அடியில கிடந்து எரியுது. தொட்டி முழுக்க வெளிச்சம். திட்டறதுக்காகப் பின்னாடியே வந்த வீட்டுக்கார அம்மாவும் குனிஞ்சு பார்த்தாங்க. தொட்டிச் சுவர்ல மேலேர்ந்து கீழே வரைக்கும் கை நுழையற மாதிரி ஒரு விரிசல்!

"இது எப்பலேர்ந்து?"ன்னாங்க.

"தண்ணி நிக்காம போனதுலேர்ந்துதாம்மா"ன்னேன். கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

தொட்டி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் மாமாவைப் பார்த்து, "முதல்ல இதை அடைச்சுக் குடுங்க"ன்னுட்டு மாடியேறிட்டாங்க. காலி பண்ற பேச்சே அப்புறம் எடுக்கல. மாமா தொட்டியில இறங்கி டார்ச்சைத்தான் முதல்ல எடுத்தார். விரிசலை மறுநாள்தான் அடைச்சார்.

ஆகவே தம்பி, அடுத்த தடவை நீ வரும்போது அந்தச் சாமானை எப்படியாவது எடுத்துக்கொண்டு போய்விடு. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. குழந்தையை என் சார்பில் கிள்ளி முத்தமிடு. குறையொன்றும் இல்லாமல் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதினதை விட்டுடு, எடுத்துட்டுப் போக வேண்டாம். கறுப்புத் துணியில கறுப்பு நூல் பிரிக்க அந்த வெள்ளை வெளிச்சம் மாதிரி ஒண்ணு கிடையாது; அதனால என் மெஷின் டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டேன். மாமாகிட்ட ரிப்பேருக்கு உனக்கு அனுப்பியிருக்கேன்னு சொல்லியிருக்கேன். போன் பண்ணுவார். உடையாத சாமானுக்கு என்ன ரிப்பேர்னு கேட்டா, நீயே ஏதாவது யோசிச்சுச் சொல்லு.