பங்குனியில் ஒழுகிய வீடு

மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. ஆனாலும் வீட்டுக்குள்ளே பிளாஸ்ரிக் கதிரைக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

"இது எங்கால வந்த தண்ணி?" என்று கேட்டான் சிவதர்ஷன்.

ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி நின்ற அவன் மனைவி கம்சாயினி முகட்டைப் பார்த்தாள். "கூரை ஒழுகுது போல."

"மழை இல்லாமலா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே மேசன் வேலைக்குப் போறீங்க."

அந்த ஒரு சொல் போதும். பன்னிரண்டு வருடமாக நாவற்குடாவைச் சுற்றிக் கொங்கிறீட் குழைப்பவன் அவன். ஏணியை வைத்து ஏறினான். ஓடு கொதித்தது. ஓட்டையைத் தேடிப்போய் இரண்டு நல்ல ஓடுகளை மிதித்து உடைத்தான். இறங்கும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஆணியொன்றில் மாட்டிக்கொண்டது. ஒரு கையில் சாரம், மறுகையில் ஏணி.

"கம்சா! ரெண்டில எதை விடட்டும்?"

கம்சாயினி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, உள்ளே ஓடிக் கதிரையில் குந்தினாள். முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவன் தாய் கண்ணகை முகத்தை இறுக்கியபடி எழும்பிப் பின்வளவுக்குப் போனாள்.

சிவதர்ஷனுக்கு அது பழகிய காட்சி. அவன் அறிய அம்மா சிரித்ததே இல்லை. 'சிரிக்காத கண்ணகை' என்றால்தான் ஊருக்கே தெரியும். அவளை ஒருதரம் சிரிக்க வைக்கத்தான் சின்ன வயதிலிருந்து அவன் பகிடி பழகினான். பகிடி முடியுமுன் அவள் பின்வளவில் நிற்பாள். தன்னை அம்மாவுக்குப் பிடிக்காது என்று நம்பியே வளர்ந்துவிட்டான்.

உள்ளே வந்து பார்த்தால் கதிரையடியில் புது ஈரம்.

"கூரை இல்ல இது. நிலத்துக்குக் கீழ பைப் ஒழுகுது."

"விடுங்க, நான் துடைக்கிறன்."

"நீ சும்மா இரி புள்ள. ஒழுக்கு என்ட தொழில்."

உளியும் சுத்தியலும் வந்தன. சீமெந்துத் தூசு கிளம்பியது. கம்சாயினி மூன்று தும்மல் அடுத்தடுத்துத் தும்மிவிட்டு முகம் வெளிறி நின்றாள். நாலாவது அடியில் ஒரு குற்றமும் செய்யாத பைப் பிளந்தது. தண்ணீர் முகடு வரைக்கும் சீறிப்போய்த் திரும்பக் கொட்டியது. இப்போது உண்மையாகவே கூரை ஒழுகியது.

"கண்டியா! பைப்பெண்டு சொன்னனா இல்லையா?" தொப்பலாக நனைந்து, வென்றவன்போல நின்றான்.

அவளால் அடக்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஐயோ, சிரிப்புக் காட்டாதீங்க! சிரிச்சா எனக்குத் தண்ணி போகுது!"

உளி கையிலிருந்து விழுந்தது.

தண்ணி போகுது. அந்தச் சொல்லை அவன் ஒரேயொரு தரம்தான் கேட்டிருந்தான். கூட வேலை செய்தவனின் மனைவிக்கு ஏழாம் மாதம் தண்ணி போய், அவள் வெறுங்கையோடு வீடு வந்தாள்.

"அம்மா! ஓடி வா! தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு!"

"இல்லைங்க, இது வேற..."

யார் கேட்டது? பக்கத்து வீட்டு முஹம்மட் காக்காவின் ஓட்டோ வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்சாயினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"காக்கா, மெதுவாப் போங்க! குலுங்குது!"

"மெதுவாப் போனா நேரம் போகும் தம்பி. ஒண்டைச் சொல்லு, கெதியாவா, மெதுவாவா?"

"கெதியா மெதுவாப் போங்க!"

கம்சாயினி முந்தானையைக் கடித்தாள். கண்ணகை காலுக்கு மேல் காலை இறுக்கிப் போட்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் றோஸ்மேரி மிஸ்ஸிதான் மருத்துவிச்சி. அவளும் டொக்டரும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணிக்குள் சிவதர்ஷன் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு முடித்திருந்தான்.

"குடம் உடையல்ல. புள்ள நல்ல சுகமா இரிக்கி," என்றாள் மிஸ்ஸி. "போனது மூத்திரம்."

"மூத்திரமா?"

"ஓம். சிரிச்சா, தும்மினா, இருமினாக் கொஞ்சம் போகும். இஞ்ச வாற தாய்மாரில கனபேருக்கு இரிக்கி. ஒருத்தரும் வாய் திறக்கிறதில்ல." அவள் இரண்டு கை விரல்களையும் கோத்து ஏந்திக் காட்டினாள். "இடுப்பெலும்புக்குக் கீழ இப்பிடி ஒரு தசைத்தட்டு. புள்ள, குடம், எல்லாப் பாரமும் இதுக்கு மேலதான்."

சிவதர்ஷன் அந்தக் கைகளையே பார்த்தான். ஒரு சின்ன அறைக்குக் கொங்கிறீட் போட்டாலும் கீழே நாற்பது முட்டுக்கம்பு நிறுத்துகிறவன்.

"கீழ முட்டு ஒண்டும் இல்லையா மிஸ்ஸி?"

"இல்ல."

"ஒரு கை அகலத் தசை?"

"அவ்வளவுதான்."

"அதோடயா இவள் தண்ணி தூக்கினவள், நெல்லுக் காயப்போட்டவள், என்னோட சண்டை பிடிச்சவள்?"

"அதோடதான்."

அவன் கம்சாயினியை அன்றுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான். கோயில் வாசலில் நிற்பதுபோல, தன்னை அறியாமலே செருப்பைக் கழற்றினான்.

"இதுக்குப் பயிற்சி இரிக்கி," என்றாள் மிஸ்ஸி. "மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ளுக்கு இறுக்கணும். அஞ்சு எண்ணுமட்டும் பிடிச்சு, மறுகா விடணும். மூச்சை அடக்கப்படாது. பத்துத்தரம் செய்யணும், நாளுக்கு மூணு நேரம்."

"ஒண்டு... ரெண்டு..."

மிஸ்ஸி திரும்பினாள். சிவதர்ஷன் முகம் சிவக்க நிமிர்ந்து நின்றான். "தம்பி, நீங்க என்னத்த இறுக்குறீங்க?"

"துணைக்கு, மிஸ்ஸி."

வாசலில் முஹம்மட் காக்காவும் இறுக்கிப் பிடித்தபடி மூன்றாவது எண்ணில் நின்றார்.

கம்சாயினி சிரித்தாள். வயிறு குலுங்க, எதையும் பொத்தாமல், கண்ணீர் வரச் சிரித்தாள்.

கண்ணகை முகத்தை இறுக்கியபடி எழும்பினாள். இங்கேயும் வெளியே போகப்போகிறாள் என்று சிவதர்ஷன் தலையைக் குனிந்தான். அவள் போகவில்லை. மிஸ்ஸியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மிஸ்ஸி, இவனைப் பெத்து முப்பத்திரெண்டு வருசம். இனிப் பழகினாலும் எனக்குச் சரிவருமா?"