லண்டன் முள்ளும் இரும்புலியூர் தூக்கமும்

உலகத்தில் என்ன வேண்டுமானாலும் மாறட்டும், லண்டன்காரன் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவதை மட்டும் யாரும் மாற்றக் கூடாது என்று ஜெயகிருஷ்ணன் தீர்மானம் செய்திருந்தார். இத்தனைக்கும் அவர் லண்டனைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் பிறந்தவர். அப்பா நெல் போட்ட நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு முளைத்த பிறகு, அதே நிலத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் மனைவி சந்திரிகாவோடு குடியிருப்பவர். ஒரே மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாள்.

அவருக்கும் லண்டன் கடிகாரத்துக்கும் நடுவில் நாவலூர் இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், இங்கிலாந்து இன்சூரன்ஸ்காரர்களுக்காக வேலை பார்க்கும் டீமில் அவர் இருந்தார். அந்த ஊரில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம். மார்ச் கடைசியில் கடிகார முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசியில் பின்னால் இழுப்பார்கள். அவர்கள் தள்ளினால் நாவலூரில் ஆபீஸ் சீக்கிரம் ஆரம்பிக்கும், இழுத்தால் ஒரு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்துத் தாமதமாக முடியும். அங்கே ஒருத்தன் முள்ளைத் தொட்டால் இங்கே பத்துப் பேருடைய இட்லி ஆறிவிடும்.

டீமுக்கு வந்த முதல் அக்டோபரிலேயே இந்த விஷயத்தை வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வந்தார். சத்தியமாக. ஆனால் அன்றைக்குச் சந்திரிகா சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். குழாய் ஒழுகுகிறது, மிக்ஸி புகைகிறது, ரேஷன் கடைக்குப் போகணும், குரோம்பேட்டை மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகணும்.

"காலையில ஒரு மணி நேரம் மட்டும் நீங்க ஃப்ரீயா இருந்தா எல்லாத்தையும் முடிச்சிடலாம்," என்றாள்.

நாக்கு நுனி வரை வந்திருந்த செய்தி திரும்பி வயிற்றுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கே சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். கையில் ஒரு மணி நேரம் சும்மா இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. டீக்கடையில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருப்பான். ஸ்டேஷன் பக்கம் போனால் மாமியார் வீட்டுக்காரர்கள். தாம்பரத்தில் ஒளிய வேண்டும் என்றால் முதலில் சொந்தக்காரர்களை ஒழிக்க வேண்டும். கடைசியில் கேம்ப் ரோட்டில் தாவீதின் மெத்தைக் கடை முன்னால் வண்டி தானாக நின்றது.

தாவீது அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவர். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதம்.

"இன்னா மச்சான், ஆபீஸ் இல்லியா?"

"ஒரு மணி நேரம் லேட்டு. வீட்ல சொல்லல."

தாவீது கடையின் முன்பக்கக் கண்ணாடி ஓரம் கிடந்த மெத்தையைக் காட்டினார். "சும்மாதான் கீது. படு."

பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. திரும்பிப் படுத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். ஆனாலும் அன்றைக்கு ஜெயகிருஷ்ணன் தூங்கிய தூக்கம் கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாகத் தூங்கியது. இட்லி உள்ளே, ஃபேன் மேலே, கேள்வி கேட்க ஆள் இல்லை. கண் விழித்தபோது ஒரு வயதான தம்பதி அவர் தலைமாட்டில் சந்நிதியில் நிற்பதுபோல் பயபக்தியோடு நின்றிருந்தார்கள். அதே மெத்தைதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து தாவீது அவரைத் தெருவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி படுக்க வைத்தார். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஜெயகிருஷ்ணனைப் பார்த்த பிறகு எவனும் பேரம் பேசவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் தன் அம்மாவிடம், "இந்த அங்கிளும் சேர்ந்து வருவாரா?" என்று கவலையோடு கேட்டது.

குளிர்காலத்தில் வீட்டுக்கும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போக முடிந்தது. அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். பனி வந்துவிட்டால் லண்டனில் வேலை ஜாஸ்தி, கூடுதலாக உட்கார வேண்டியிருக்கிறது என்று சொன்னார். சந்திரிகா பாவம் என்று சொல்லி, மிளகு தட்டிப் பால் கொடுத்தாள். பகலில் தூக்கம், ராத்திரி பால். இந்த ஏற்பாட்டுக்கு அவர் மனதுக்குள் குளிர்காலக் கூட்டத்தொடர் என்று பெயர் வைத்திருந்தார். மூன்று வருஷம் எந்த அமளியும் இல்லாமல் நடந்தது.

நாலாவது அக்டோபரில் டீமில் இருந்த தீபா ஆரம்பித்தாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. லண்டனில் முள்ளை நகர்த்தினால் நாவலூரில் நாம் ஏன் நகர வேண்டும்? அவளுடைய மகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் மற்றக் குழந்தைகள் எல்லாம் வழக்கமான நேரத்துக்குப் போய்விடுகின்றன. குளிர்காலம் வந்தால் இவள் குழந்தை மட்டும் ஷூவைக் கழற்றாமல் வாசலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறதாம்.

மேனேஜர் ஜீவானந்தம் உடனே அவள் பக்கம் சாய்ந்தார். அவர் வீடு சேலையூரில். சீக்கிரம் வீட்டுக்குப் போய் மனைவி காந்தாவோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. லண்டன்காரர்களிடம் கேட்டார். உங்கள் சௌகரியம் என்று சொல்லிவிட்டார்கள். வருஷம் முழுக்கக் கோடை நேரமே இருக்கட்டுமா, வழக்கம்போல் மாறட்டுமா என்று வெள்ளிக்கிழமை டீமில் ஓட்டு. ரகசிய ஓட்டு.

ஜெயகிருஷ்ணனுக்குத் தொண்டையில் முள் சிக்கியது. கடிகார முள்.

அரசியலே பிடிக்காத மனிதர் அந்த வாரம் மேஜை மேஜையாகப் போய் ஓட்டுக் கேட்டார். முள்ளை மாற்றாமல் விட்டால் கடிகாரமே துருப்பிடித்துவிடும் என்றார். அவர்கள் இன்னும் பல் தேய்க்காத நேரத்தில் நாம் வேலையை ஆரம்பித்து என்ன சாதிக்கப் போகிறோம் என்றார். கேன்டீனில் தன் வடையை ஒரு பையனுக்குக் கொடுத்து அவன் ஓட்டை உறுதி செய்துகொண்டார். தீபா ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"சார், இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ரெண்டு நாட்டு நல்லுறவும்மா," என்றார் அவர். தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டிலும் ஏதாவது சொல்லியாக வேண்டும். தோசைக்கல்லின் பக்கத்தில் நின்று, தன் கட்டுக்கதைக்குச் சேதம் வராமல் விஷயத்தை எடுத்துவைத்தார். குளிர்காலத்துக் கூடுதல் வேலையை எடுத்துவிடப் பார்க்கிறார்கள், தான் மட்டும் எதிர்த்து நிற்கிறேன் என்றார்.

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"அடுத்த வாரத்துலேர்ந்து ராத்திரி சீக்கிரமே வந்துடுவேன்."

"சீக்கிரம்னா? தினமுமா?"

"தினமும்தான்."

சந்திரிகாவின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. தோசை கருகியது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் கருகாத தோசை.

"வேணாங்க," என்றாள். "வேலைன்னு வந்தா அதுதான் முக்கியம். நீங்க விட்டுக்கொடுக்காதீங்க."

ஜெயகிருஷ்ணன் உருகிப்போனார். இப்படி ஒரு மனைவியா? கணவன் சீக்கிரம் வந்தால் மகிழ்ச்சிதான், ஆனாலும் அவன் கடமைக்காக அந்த மகிழ்ச்சியைத் தியாகம் செய்கிறாள். அதோடு நிற்கவில்லை. தீபாவளி வருகிறதே என்று ஒரு சாக்குச் சொல்லி, வியாழக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று முறுக்கும் அதிரசமும் சுட்டாள். ஆபீஸில் எல்லோருக்கும் கொடுங்கள், வாய் நிறைந்தால் ஓட்டுப் போட மனசு வரும் என்று தூக்கு நிறைய அடுக்கினாள். எண்ணெய் தெறித்து அவள் மணிக்கட்டில் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்பு ஜெயகிருஷ்ணனைப் படுத்தியது. தூக்கத்துக்காகப் போராடுகிற மனிதருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷமாக அவளிடம் சொன்ன பொய், குடித்த பால், ஷூவோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தை என்று ஒவ்வொன்றாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. மெத்தை விளம்பரத்துக்குப் படுத்த ஆளுக்குச் சொந்த மெத்தை முள்ளாகக் குத்தியது.

வெள்ளிக்கிழமை முறுக்கை எல்லோருக்கும் கொடுத்தார். ஆளாளுக்கு நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே அவர் பக்கம்தான் ஓட்டு என்றார்கள். பிறகு அவர் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று தன் தூக்கத்துக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்டார்.

ஒரே ஒரு ஓட்டில் முடிவு தெரிந்தது. வருஷம் முழுக்கக் கோடை நேரம்தான், மாற்றம் கிடையாது. தீபா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜீவானந்தம் வந்து அவர் தோளைத் தட்டி, மயிரிழையில் தோற்றீர்கள் ஜெயகிருஷ்ணன், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஜெயகிருஷ்ணன் பெரிய மனிதர்கள் சிரிப்பதுபோல லேசாகச் சிரித்தார்.

கேம்ப் ரோட்டில் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மெத்தைக் கடையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது, அழுதால் தேற்றுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தார்.

கதவைத் திறந்ததும் சந்திரிகா கேட்ட முதல் கேள்வி, "ஜெயிச்சிட்டீங்களா?"

"தோத்துட்டோம். ஒரே ஓட்டு." பூவை நீட்டினார். "அந்த ஓட்டு என்னோடது. உனக்காக மாத்திப் போட்டேன் சந்திரிகா."

அவள் பூவை வாங்கவில்லை.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

இது ஒத்திகையில் இல்லாத வசனம். கூடுதல் வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது, தான் காலையில் போய் எங்கேயோ படுத்திருந்தேன் என்று அவர் தடுமாறித் தடுமாறி ஆரம்பித்தார்.

"தாவீது அண்ணன் கடையில. கண்ணாடி ஓரத்துல," என்றாள் சந்திரிகா. "முதல் வருஷம் முதல் நாளே கிறிஸ்டி போன் பண்ணிச் சொல்லிட்டா."

கிறிஸ்டி தாவீதின் மனைவி. ஜெயகிருஷ்ணன் சோபாவில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இடுப்பு வலி வரும், ஸ்பிரிங் மெத்தை வேணாம், இலவம் பஞ்சு போடச் சொல்லுன்னு நான்தான் சொன்னேன். தலைக்கு வெச்சுக்கறீங்களே, அந்தத் தலையணை உறை நம்ம வீட்டுது. மூணு வருஷமா அதுல எச்சி ஒழுகத் தூங்கறீங்க, பூப்போட்ட உறை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு ஒருநாளாவது தோணிச்சா?"

"அப்போ ஏன் இத்தனை நாள் கேக்கல?"

"கேட்டா ஆபீஸ்ல சொல்லி ராத்திரி நேரத்துக்கு வந்துடுவீங்களே."

பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ஜெயகிருஷ்ணனுக்குத் தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம் ஆறினால் முகம் ஆறாது. அதனால் அவர் வருகிற நேரத்துக்குச் சந்திரிகா அடுப்பின் முன்னால் நின்றாக வேண்டும். குளிர்காலத்தில் மட்டும்தான் அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் அவளும் கிறிஸ்டியும் சர்ச் ஹாலில் ஷட்டில் ஆடினார்கள். முதல் வருஷம் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லையாம். போன வருஷம் அரையிறுதி வரைக்கும் போய்விட்டார்கள். ஜனவரியில் மறுபடி போட்டி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வரும் இரண்டு டீச்சர்களை இந்தத் தடவை அடித்தே தீருவது என்று சபதம். அந்தச் சபதத்துக்காகத்தான் அடுப்படியில் நின்று முறுக்குச் சுட்டிருக்கிறாள்.

"நான் ஒரு தூக்கு முறுக்கு சுட்டேன், உங்க ஒரு ஓட்டுல எல்லாம் போச்சு," என்றாள். மணிக்கட்டின் சிவப்பைத் திருப்பிக் காட்டினாள். முதல் தடவையாக அவருக்கு அவளைப் பார்த்து நிஜமாகவே பாவமாக இருந்தது.

ஆறின தோசையைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஜெயகிருஷ்ணன் வீரமாகச் சொன்னார். சந்திரிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு நாள் சாப்பிடுவீர்கள், அஞ்சாவது நாள் சட்னி சரியில்லை என்று சர்ச் வாசலுக்கே வந்து நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கிறிஸ்டியோடு வெகுநேரம் பேசினாள். நடுவில் இன்னொரு போனும் வந்தது. அதிலும் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"தாவீது அண்ணன் திங்கட்கிழமையிலேர்ந்து கடையை லேட்டாத்தான் மூடுவாராம்," என்றாள். "ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில ஒரு மணி நேரம் அங்கேயே படுத்துட்டு வந்துடுங்க."

திங்கட்கிழமை மாலை ஜெயகிருஷ்ணன் கேம்ப் ரோட்டில் வண்டியை நிறுத்தினார். ஆசைப்பட்டுப் படுத்த இடத்தில் உத்தரவுக்குப் படுப்பது வேறு மாதிரி இருக்கும் என்பது படியேறும்போதே தெரிந்துவிட்டது. கண்ணாடி ஓரத்தில் அவருடைய இலவம் பஞ்சு மெத்தை காத்திருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொரு மெத்தை போட்டிருந்தார்கள். அதில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மேனேஜர் ஜீவானந்தம் படுத்திருந்தார்.

"நீங்களுமா சார்?"

ஜீவானந்தம் திரும்பினார். பிளாஸ்டிக் உறை நொறுங்கியது.

"உங்க வீட்ல சுட்ட முறுக்கு நல்லா இருந்துச்சேன்னு காந்தா பக்குவம் கேட்டு போன் பண்ணியிருக்கா," என்றார். "உங்க மிசஸ் முறுக்கோட நிறுத்தாம எல்லாப் பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்துட்டாங்க."