டெம்ப்ளேட் மாதேஸ்வரனின் மன்னிப்பு

மனிதர்களில் டெம்ப்ளேட் ஆசாமி என்று ஒரு ரகம் உண்டு. காப்பிக்கொட்டையை ரகம் பிரித்துச் சாக்கில் கட்டுவதுபோல இவர்களையும் தனியாகக் கட்டி வைத்துவிடலாம். சாக்குக்குள் போகும்போதுகூட, "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பார்த்ததில்லையா? ஏற்காட்டுக்கு வாருங்கள், தலைச்சோலையில் ஒருவனைக் காட்டுகிறேன்.

பெயர் மாதேஸ்வரன். டேட்டாபேஸ் எழுதுவது தொழில். அதாவது, எங்கோ இருக்கும் கம்பெனிகளின் சரக்கு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக அடுக்கி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி செய்வது. வீட்டிலிருந்தே வேலை. அந்த மென்பொருளில் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அமுக்கினால் ஒரு பக்கம் தானாக வந்து விழும். அதற்குப் பெயர் டெம்ப்ளேட். நடுநடுவே சில இடங்கள் காலியாக இருக்கும், அவற்றை மட்டும் நிரப்பினால் போதும். எழுதியதை வெளியே விடுமுன் பொய்த் தகவல் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். எந்த வார்த்தை எந்த மூலையில் கிடந்தாலும் தேடி எடுக்கலாம். நல்ல வசதிதானே? யார் இல்லை என்றது? லேப்டாப்பை மூடிய பிறகும் அதே வசதியை எதிர்பார்த்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

பக்கத்து வீட்டு ஐயாக்கண்ணுவின் மாடு கன்று போட்டபோது மாதேஸ்வரன் தொழுவத்துக்கே போய், "மனமார்ந்த வாழ்த்துகள், மேலும் பல சாதனைகள் புரிய வேண்டும்" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னான். புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினால் முதலில் தேங்காயை உட்கார வைப்பான், பிறகு மிளகு மூட்டையை, கடைசியில்தான் தான் உட்காருவான். மூக்குக் கண்ணாடி தொலைந்தால் கட்டிலுக்கடியில் குனிய மாட்டான். லேப்டாப்பைத் திறந்து 'கண்ணாடி' என்று தட்டித் தேடுவான். கிடைக்கவும் செய்யும், ஏதோ ஒரு கண்ணாடிக் கடைக்கு எழுதிக் கொடுத்த நிரலுக்குள். அப்படியொரு திருப்தி முகத்தில்! கண்ணாடியோ அவன் நெற்றிமேல் இருக்கும்.

இவனோடு குடித்தனம் நடத்துபவள் சிவசக்தி. ஒரு மாதமாக யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டர் பழகியவள், ஒருநாள் துணிந்து தன்னந்தனியாகச் சேலத்துக்கு இறங்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தானே ஓட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டாள். தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே வந்து நின்றாள்.

"ஏனுங்க! சேலம் போயிட்டு நானேதானுங்க வண்டிய ஓட்டிட்டு மல ஏறி வந்தேன்!"

மாதேஸ்வரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓகே, நோட் பண்ணிக்கறேன்" என்றான்.

அவள் அதே ஹெல்மெட்டோடு வெளியே போய், அதே ஸ்கூட்டரில் ஏறி, நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வீட்டில் ஆள் இல்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது. போன் செய்தான். "நீங்க செஞ்சதுக்கு நான் வரமாட்டனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என்ன செய்தான்? உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, நாகலூர் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவனுக்கு மட்டும் தெரியவில்லை. உடனே தேடினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அனுப்பிய எல்லாச் செய்தியிலும் 'கோபம்' என்று போட்டுத் தேடினான். கேஸ்காரன்மேல் கோபம், பால்காரன்மேல் கோபம், மிக்சிமேல் கோபம் என்றெல்லாம் வந்தது, அவன்மேல் ஒன்றுமில்லை. வாயால் சொன்னது அங்கே எப்படி வரும்?

காரணம் கிடைக்காவிட்டால் என்ன, மன்னிப்பு டெம்ப்ளேட் இருக்கிறதே! "நான் செஞ்சது பெரிய தப்பு. செஞ்சிருக்கக் கூடாது. பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்." என்ன தப்பு என்ற இடம் காலி. அதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் சோதிக்காமல் எதையும் வெளியே விடுவானா மாதேஸ்வரன்? விடிந்ததும் ஐயாக்கண்ணுவிடம் போனான்.

"நான் செஞ்சது பெரிய தப்புங்க மாமா. செஞ்சிருக்கக் கூடாது. பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

ஐயாக்கண்ணு மண்வெட்டியைக் கீழே போட்டார். "அடப்பாவி! என்ற பலாப்பழத்த அறுத்துட்டுப் போனது நீதானா? குரங்குன்னுல்ல நெனச்சேன்! செரி, ஒத்துக்கிட்டயே, போ கண்ணு."

மன்னிப்பு கிடைத்துவிட்டது. சோதனை வெற்றி! பலாப்பழத்தைப் பற்றி அவர் ஏதோ சொன்னது மாதேஸ்வரன் காதில் ஏறவே இல்லை. ஒரு சோதனை போதுமா என்று, எதிர் வீட்டு சாந்தாமேரியிடம் அதையே ஒப்பித்தான். கோயில் திருவிழாவுக்கென்று வளர்த்த சேவலைக் காணாமல் அந்த அம்மாள் மூன்று நாளாகக் காடெல்லாம் கத்திக்கொண்டிருந்தவர்.

"சேசுவே! சேவல நீயா புடிச்சுத் தின்ன? உன்ற மூஞ்சியப் பாத்தா முட்டகூட ஒடைக்கத் தெரியாதவனாட்டம் இருக்குது! செரி, ஆண்டவரே மன்னிக்கச் சொல்லியிருக்காரு. நல்லா இரு சாமி."

இரண்டாவது சோதனையும் வெற்றி. மாதேஸ்வரன் சட்டையை மாற்றிக்கொண்டு நாகலூருக்குப் பஸ் ஏறினான். அவன் ஏறிய பஸ்ஸின் பின்சீட்டிலேயே ஐயாக்கண்ணுவும் சாந்தாமேரியும் ஏறினார்கள் என்பதை அவன் எங்கே கவனித்தான்? மன்னித்தது மன்னித்ததுதான், ஆனாலும் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை போட்டுவைக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வருமா?

மாமியார் கண்ணம்மாள் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். சிவசக்தி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாதேஸ்வரன் மூச்சு விடாமல் மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தான். பிசிறே இல்லை.

"என்ன தப்புங்க?" என்றாள் அவள்.

காலியிடம்! மாதேஸ்வரனுக்கு வேர்த்தது. "ரசத்துல உப்பு இல்லைன்னு சொன்னது?"

"இல்லீங்க."

"உங்க அம்மாவ... நான்..."

"என்னைய என்னங்க மாப்ள பண்ணீங்க?" என்று கண்ணம்மாள் முறத்தோடு எழுந்தார்.

நல்லவேளை, அதே பஸ்ஸில் இறங்கிப் பின்னாலேயே நடந்த இருவரும் அப்போது வந்து சேர்ந்தார்கள். ஐயாக்கண்ணு பலாப்பழத்தைச் சொன்னார். சாந்தாமேரி சேவலைச் சொன்னார், அதன் கொண்டையின் நிறம் உட்பட. சிவசக்தி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இவரா? சேவல் புடிச்சாரா? ஏனுங்கக்கா, இவரு கால்ல கெடக்கற செருப்பவே கம்ப்யூட்டர்லதான் தேடுவாரு! பலாமரத்துல ஏறணும்னா மொதல்ல தேங்காய ஏத்திப் பாப்பாருங்க மாமா!"

வந்தவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் இப்படிப்பட்டவனைத் தனியாக விட்டுவைத்தால் அடுத்த வாரம் கொலைக்குற்றத்தையும் ஒப்புக்கொண்டு வந்து நிற்பான் என்று சிவசக்திக்குத் தோன்றிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

பின்னால் உட்கார்ந்தான். வண்டி எஸ்டேட் பாதையில் மூடுபனிக்குள் வளைந்து வளைந்து போயிற்று. பாதி வழியில்தான் அவனுக்கு ஏதோ உறைத்தது. "ஏ புள்ள, நீ எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட?"

வண்டி நின்றது.

"எறங்குங்க."

இறங்கினான். வண்டி போய்விட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மாதேஸ்வரன் நடந்தான். டேப் விசை இல்லை, தேடும் பெட்டி இல்லை, சிக்னலும் இல்லை. வேறு வழியில்லாமல் யோசித்தான். ஹெல்மெட் ஞாபகம் வந்தது. அதற்குள் இருந்த முகம் ஞாபகம் வந்தது. அந்த முகத்தில் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! கடைசித் திருப்பத்திலிருந்து வீடுவரை ஓடினான்.

"சேலத்துலருந்து... அத்தன வளைவும்... நீயேவா?" மூச்சு வாங்கியது. "பயமா இல்லியா புள்ள?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள். முதல் வளைவில் லாரி வந்தது, நடுவில் குரங்கு குறுக்கே பாய்ந்தது, மேலே ஏற ஏறக் குளிரில் கை விறைத்தது என்று வளைவு வளைவாகச் சொன்னாள். அவன் வாய் பிளந்து கேட்டான். காப்பி ஆறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திருந்திவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை அவள் தோசை வார்த்துத் தட்டில் போட்டாள். மாதேஸ்வரன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீயேவா? பயமா இல்லியா புள்ள?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்ததே, போன் தானாகக் காட்டிய மூன்று பதிலில் நடுவில் இருந்ததைத்தானே தட்டினீர்கள்? இதோ, இந்தக் கதையை உங்களுக்கு அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். 'அருமை' என்று தட்ட உங்கள் கட்டைவிரல் போய்க்கொண்டிருக்கிறது பாருங்கள்.