ஒரு வரி கீழே இறங்கிய கணவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆட்கள்தான் கொஞ்சம் இடம் மாறிவிட்டார்கள்.

அப்போது நான் கீரனூரில் ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். (சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் டிசைனர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) அக்காவுக்குக் கல்யாணம் முடிவானதும், பத்திரிகையை நான்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்ற வரிக்குக் கீழே பதினான்கு தம்பதிகள். இடப்பக்கம் கணவர்கள், வலப்பக்கம் அவரவர் மனைவிமார். முதல் வரியில் சிதம்பரம் பெரியப்பாவும் விசாலாட்சி பெரியம்மாவும். அடுத்து என் அப்பா, அம்மா. அப்பா எல்லாவற்றையும் சரிபார்த்து ஓகே சொன்னார். அச்சுக்குப் போகும் நேரத்தில் அவரே போன் செய்தார்.

"திருவரங்குளத்து ராமையா மாமா பேர விட்டுட்டோம்டி. மொத ஆளாப் போட்டுரு. இல்லன்னா கல்யாணத்துக்கே வர மாட்டாரு."

ராமையா மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அறுபது வயது. கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

மேலே ஒரு புது வரி சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் நான் ஒரு வித்தை கற்றிருந்தேன். மவுஸைச் சும்மா இழுத்தால் எழுத்துகள் வரிவரியாகத்தான் பிடிபடும். ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் நெட்டுக்குத்தலாக, வேண்டிய பகுதி மட்டும் பிடிபடும். கணவர்களை மட்டும் அப்படி மொத்தமாகப் பிடித்தேன், வெட்டினேன், ஒரு வரி கீழே ஒட்டினேன். காலியான முதல் இடத்தில் மாமாவை உட்கார வைத்தேன். மனைவிமார் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

சம்பந்தி வீடு உட்படப் பாதி ஊருக்குப் பத்திரிகை போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. (தன் பேர் இருக்கிறதா என்று மட்டும்தானே எல்லாரும் பார்க்கிறோம்.) அப்பா அம்மாவோடு நானும் வீட்டுக்குப் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்த ஒரே மனிதர் பெரியப்பாதான்.

"ராமையா... விசாலாட்சி." நிறுத்தினார். "எந்த விசாலாட்சி?"

"நாந்தாங்க," என்றார் பெரியம்மா அடுப்படியிலிருந்து.

பெரியப்பாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் என் அம்மாவின் பெயர். பத்திரிகையை மடித்துத் தாம்பாளத்திலேயே வைத்தார்.

"நான் கல்யாணத்துக்கு வரல."

அம்மா என் முதுகில் கிள்ளி, "கால்ல விழுடி" என்றார். நான் விழவில்லை.

"எழுத்துப்பிழை ஒண்ணு காட்டுங்க பெரியப்பா, விழுறேன். அத்தனை பேரும் சரியாத்தான் இருக்கு. எடந்தான் மாறி ஒக்காந்திருக்காங்க."

அடுப்படியில் பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார்.

"முப்பது வருசமாக் கூப்புட்டாத் திரும்பிப் பாக்காத மனுசன், பக்கத்துல பேரக் காணோம்னதும் இப்புடித் தேடுறீங்க. நான் கல்யாணத்துக்குப் போறேன். நீங்க வாரீங்களா, இல்லையா?"

பெரியப்பா வந்தார். முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். கடைசி வரியில் துணையில்லாமல் நின்றுபோன முத்து சித்தப்பா துபாயிலிருந்து போனில், "நான் இங்கிட்டு வந்து நாலு வருசம்தானம்மா ஆச்சு, அதுக்குள்ளயா?" என்று கேட்டார். ராமையா மாமா மட்டும் கூடுதலாக நாலு பத்திரிகை வாங்கிப்போனார்.

பத்திரிகையைப் பேனாவால் திருத்தித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். இன்றும் நான் ஆல்ட் அழுத்தித்தான் இழுக்கிறேன்.

பெரியம்மா இப்போதெல்லாம் சண்டை வந்தால் வாயே திறப்பதில்லை. பீரோவிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். பெரியப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பார். பிறகு எழுந்துபோய், இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவருவார்.