இரண்டாவது கேபிளைச் சொருகியது நான்தான்

திருச்சுழி,
செவ்வாய்க்கிழமை.

ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளை விஜயபாண்டி அவர்களுக்கு, மாமனார் தனுஷ்கோடி எழுதிக்கொள்வது. நானும் மகள் சுகந்தியும் சுகம். மழைதான் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சுகந்தியின் கம்ப்யூட்டர் சென்டர் முடங்கியதற்கு வயர் பழுது என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். வயர் நன்றாகத்தான் இருந்தது.

முன்னறைக்கும் பின்னறைக்குமாக கம்ப்யூட்டர்களுக்கு நெட் பிரித்துக் கொடுக்க நீங்கள் வாங்கி அனுப்பிய இரண்டு சுவிட்சுப் பெட்டிகளையும் ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டு கேபிளால் இணைத்தால் நெரிசல் குறையும் என்று அவளிடம் நீங்கள் ஸ்பீக்கரில் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பெட்டியின் செட்டிங்கிலும் ‘இவை இரண்டும் சேர்ந்து ஒரே இணைப்பு’ என்று பதிந்த பிறகுதான் இரண்டாவதைச் சொருக வேண்டும் என்றும் சொன்னீர்களாம். அதற்குள் நான் பால் வாங்கப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை சுகந்தி பிரிண்டர் மை வாங்க அருப்புக்கோட்டை போயிருந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க மாலை ஐந்து மணிதான் கெடு. பின்னறையில் காளீஸ்வரி என்கிற பிள்ளை, பக்கம் திறக்கவில்லை என்று முகம் வாடி உட்கார்ந்திருந்தது. பஸ் டெப்போவில் முப்பது வருடம் நேரம் குறித்தவன் நான்; ரோடு இரண்டானால் வண்டி சீக்கிரம் போகும் என்று இரண்டாவது கேபிளைச் சொருகிவிட்டேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டன. நல்ல வேகம் என்று நான் சந்தோஷப்பட்ட அரை நிமிடத்தில் எட்டு கம்ப்யூட்டரிலும் நெட் நின்றுபோனது. அனுப்பிய செய்தியே இரண்டு கேபிளிலும் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிட்டதாம். பிறகு சுகந்தி சொல்லித்தான் தெரியும். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மணி நாலே முக்கால். மில்லில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்த அந்தப் பிள்ளையின் தாய் முத்துப்பேச்சி எழுந்து வந்தாள்.

“ஐயா, கடைசியா என்ன செஞ்சீக?”

“ஒரு வயரு சொருகுனேம்மா. மாப்பிள்ளை சொன்னது.”

“அதை உருவுங்க. அவுககிட்ட நான் சொல்லிக்கிடுறேன்.”

உருவினேன். எல்லாம் ஓடியது. நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுகந்தி வந்து இரண்டு பெட்டியிலும் பதிந்த பிறகே அடுத்த கேபிளைச் சொருகினாள். இப்போது தங்கமாக ஓடுகிறது. அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம். திருமேனிநாதர் உங்களை நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தனுஷ்கோடி

பி.கு.: சுகந்தி இதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். வெள்ளிக்கிழமையே உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். “எனக்குத் தெரியும்னு மாமாகிட்ட சொல்லிக்கிடாத, சங்கடப்படுவாக” என்று சொன்னதே நீங்கள்தானாம். ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், அதனால் அனுப்புகிறேன். வந்து சேர்ந்தால், தெரியாததுபோலவே இருந்துகொள்ளவும்.